குளம்புநேரம்

ஜூன் 3, திங்கள்

மேகலா இன்று காலை பஸ்ஸில் பெருந்துறைக்குப் போய்விட்டாள். எத்தனை நாள்தான் அவளும் வீட்டையும் வேலையையும் விட்டுவிட்டு என்னோடு இருப்பாள். போகும்போது அலமாரியிலிருந்து இந்த டைரியை எடுத்துக் கொடுத்தாள். டயர் கடைக்காரர் வருஷா வருஷம் மேகலா அப்பாவுக்குக் கொடுப்பது. அவர் எதிலும் ஒரு வரி எழுதியதில்லை.

"என்னென்ன சாப்புட்டீன்னு தெனமும் இதுல எழுதும்மா. சாயந்தரம் போன் பண்ணுவேன், படிச்சுக் காட்டோணும். சர்க்கரை மாத்திரைய வெறும் வயித்துல போட்டுட்டு மறுபடியும் மயங்கி விழுந்தீன்னா ஆரு தூக்கறது?"

நான் ஐந்தாவதுதான் படித்தேன், பிழை பிழையாக வரும் என்றேன்.

"நான் என்ன மார்க்கா போடப் போறேன்?" என்றாள்.

காலை இட்லி மூன்று. மதியம் சாதம், ரசம், கோவைக்காய்ப் பொரியல். இரவு தோசை இரண்டு.

ஜூன் 4, செவ்வாய்

காலை உப்புமா. மதியம் சாதம், பருப்பு, முருங்கைக்கீரை. இரவு இட்லி. மேகலாவுக்குப் படித்துக் காட்டினேன். கீரை நல்லது என்றாள்.

ஜூன் 6, வியாழன்

சிலிண்டர் போடுகிறவர் பக்கத்து வீட்டுக்கு வந்தவர் என்னைப் பார்த்து நின்றார். "ஏனுங்க்கா, இன்னும் கேஸு தீரலீங்களா? வெளியூரு போயிட்டீங்களோ?" என்றார். தீரவில்லை என்றேன். பக்கத்து வீட்டு சரசு ஒரு கிண்ணத்தில் தக்காளிச் சாதம் கொடுத்தாள். வாசல் நாய்க்கு நல்ல பசி.

மதியம் தக்காளிச் சாதம். இரவு சப்பாத்தி, குருமா.

ஜூன் 8, சனி

தங்கவேலு வந்திருந்தான். அவருடைய வண்டியில் மாற்று டிரைவராக ஆறேழு வருஷம் ஓடியவன். நாக்பூருக்கு முன்னால் அவர் வண்டியை ஓரங்கட்டி, ஸ்டியரிங் மேல் தலையைச் சாய்த்தபோது பக்கத்தில் இருந்தவன். சடங்கெல்லாம் முடிந்து அவன் வீட்டுக்கு வருவது இதுதான் முதல் தடவை. வண்டியில் இருந்த சாமான்களைக் கொண்டு வந்தான். சின்ன கேஸ் அடுப்பு, அலுமினியக் குண்டான், அஞ்சறைப்பெட்டி, இரண்டு லுங்கி, அவர் போன்.

போனைக் கையில் கொடுத்துவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"அக்கா, ஞாயித்துக்கிழமையானா அந்த ஆளுக கேப்பாங்கக்கா. அவுங்களுக்குத் தெரியாது. எனக்கும் எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

எந்த ஆட்கள் என்றேன்.

"அட, அண்ணன் சொல்லலீங்களா? கொளம்பு நேரம். வாராவாரம் ஞாயித்துக்கிழமை ஏழு மணிக்குப் போன்ல எல்லாருங் கூடுவாங்க. ஒரு அம்மா கேள்வி போடும், எல்லாரும் அவங்கவங்க ஊட்டுல எப்படிக் கொளம்பு வெக்கறாங்கன்னு எழுதுவாங்க. மஸ்கட்டுல இருக்கறவங்க, மெட்ராஸ்காரங்க, ஆரு ஆரோ. அண்ணன் எங்க போனாலும் ஆறரைக்கே வண்டிய ஓரங்கட்டிருவாரு. லோடு லேட்டுன்னு ஓனர் கத்தினாலுங் கேக்க மாட்டாரு."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஏழு மணி என்றால் அவர் எனக்குத்தான் போன் பண்ணுவார். "அம்மிணி, இருக்கறயா?" என்பார். "இருக்கனுங்க, சொல்லுங்க" என்பேன். கொள்ளுக்குப் பூண்டு எத்தனை, புளி எப்போது என்று கேட்பார். சொன்னதும் வைத்துவிடுவார். கால் மணி கழித்து மறுபடியும் கூப்பிட்டு அடுத்ததைக் கேட்பார். மொத்தமாகக் கேட்டால் என்ன என்று நான் கடிந்துகொள்வேன். அடுப்பில் வைத்துக்கொண்டுதான் கேட்கிறார் என்று நினைத்திருந்தேன்.

"அடுப்புலயும் வெப்பாரு" என்றான் தங்கவேலு. "ஒரு கையில கரண்டி, ஒரு கையில போனு."

அந்த இடத்துக்குள் போவது எப்படி என்று காட்டிக் கொடுத்தான். ஜன்னல் கம்பி மாதிரி ஒரு குறி இருக்கிறது. அதைப் போட்டு, ஒட்டினாற்போல் பேரை எழுதினால் அந்தப் பேரில் பேசுகிறவர்கள் எல்லாம் ஒரே இடத்தில் தெரிவார்களாம். நாம் எழுதினாலும் அதே குறியும் பேரும் போட வேண்டுமாம். எழுதிக் காட்டு என்றேன். "எனக்கு எழுத வராதுங்க்கா, பாக்கத்தான் தெரியும்" என்று சிரித்தான். டீ வைத்துத் தரட்டுமா என்றேன். வேண்டாம் என்றான். நல்லதாகப் போயிற்று, பால் இல்லை.

போனைச் சார்ஜில் போட்டிருக்கிறேன். நாளைக்கு அவர்களிடம் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விடுவது மரியாதை இல்லை.

மதியம் சாதம், சாம்பார்.

ஜூன் 9, ஞாயிறு

ஏழு மணிக்கு முன்னாலேயே உட்கார்ந்துவிட்டேன். ஜன்னல் கம்பி போட்டு, குளம்பு நேரம் என்று எழுதினேன். ஒரே மாடு. மாட்டுக் கால், எருமைக் கால், ஒரு குதிரையின் காலை யாரோ அரத்தால் தேய்க்கிறார்கள். கோமாரி வந்த மாட்டுக்கு என்ன மருந்து என்று ஒருவர் கேட்க நாலு பேர் பதில் எழுதியிருந்தார்கள். சமையல் பேச்சே இல்லை.

சரி, பேச்சு ஆரம்பிக்கவில்லை போல என்று நினைத்து, "வணக்கம். எல்லாரும் இருக்கீங்களா" என்று எழுதினேன். ரொம்ப நேரம் பார்த்தேன். யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இவ்வளவுதான் மனுஷர்கள். ஆள் போனால் அடுத்த ஆள்.

இரவு இட்லி இரண்டு.

ஜூன் 10, திங்கள்

துணி துவைத்தேன். அவர் லுங்கியை மட்டும் துவைக்கவில்லை. டீசல் வாசம் இருக்கிறது. இருக்கட்டும்.

காலை தோசை. மதியம் சாதம், மோர்க்குளம்பு. இரவு தோசை.

ஜூன் 12, புதன்

அந்த மாட்டுக்காரர்களில் ஒருவர் எனக்குப் பதில் போட்டிருக்கிறார். அந்தியூரில் மாட்டுத் தரகு செய்கிற குருநாதன். "அண்ணே, என்ன மாடு, எந்தக் காலு?" என்று கேட்டிருந்தார். போனில் மேகலா அப்பாவின் பேரும் படமும் இருப்பதால் என்னை அண்ணே என்கிறார். நான் திருத்தவில்லை. மாடு இல்லை, சமையல் பேச்சு நடக்கிற குளம்பு நேரம் என்கிற இடத்தைத் தேடுகிறேன் என்று எழுதினேன்.

"எடம் விடாம சேத்தி எழுதுங்கண்ணே. நடுவுல எடம் விட்டா முன்னால இருக்கறத மட்டுந்தான் அது எடுத்துக்கும்."

சேர்த்து எழுதினேன். #குளம்புநேரம்.

அங்கே ஒரே ஒருவர்தான் இருந்தார். அவர்தான்.

இரண்டு வருஷத்துக்கு முந்தின தேதி. கீழிருந்து மேலாக மூன்று வரி.

"வணக்கம். நான் அர்த்தனாரி, சங்ககிரி. லாரி டிரைவர். இன்னைக்கு ரசம் வெச்சேன்."

"யாராச்சும் இருக்கீங்களா?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை: "வண்டிய ஓரங்கட்டிட்டேன். யாராச்சும் இருக்கீங்களா?"

அதற்கப்புறம் ஒன்றும் இல்லை. யாரும் பதில் சொல்லவும் இல்லை.

போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு வாசல் கூட்டினேன். காலையிலேயே கூட்டியதுதான்.

ஜூன் 13, வியாழன்

அங்கே யாரும் இல்லை என்று குருநாதனுக்கு எழுதினேன். பதில் வந்தது.

"அட எங்கண்ணே, நீங்க எழுதியிருக்கறது மாட்டுக்கால். சோத்துக்கு ஊத்தறதுன்னா ழ போடோணும். வாழைப்பழத்துக்குப் போடற ழ. நாம பேசறாப்பல எழுதுனா மாட்டுக்கிட்டதான் வந்து நிப்போம்." கூடவே சிரிக்கிற பொம்மை ஒன்று.

நாங்கள் இரண்டு பேருமே கொளம்பு என்றுதான் சொல்வோம். அந்த ஒரு எழுத்தில் அவரும் போய் அங்கே நின்றார், நானும் போய் நின்றேன்.

ழ போட்டேன். திறந்துகொண்டது.

ஜூன் 14, வெள்ளி

இரண்டு நாளாகப் படிக்கிறேன். எழுத்துக் கூட்டிப் படிப்பதால் மெதுவாகத்தான் போகிறது. எத்தனையோ பேர். கேள்வி போடுகிற பெண் பேர் ரெஜினா. தூத்துக்குடிக்காரி, மஸ்கட்டில் ஆஸ்பத்திரி வேலை. லாரி ஓட்டுவதால் அவரை எல்லாரும் வண்டிண்ணே என்கிறார்கள்.

அவர் எழுதியதில் பாதிக்கு மேல் என் பேச்சுத்தான்.

"கொள்ளுக் கொழம்புக்குப் பூண்டத் தட்டித்தான் போடணும், நறுக்கப்படாதுன்னு வீட்டுல சொல்றாங்க."

"வீட்டுல திட்டறாங்க. எத்தனை தடவை சொல்றதுன்னு."

"நான் வெச்சது வீட்டுல வெக்கற மாதிரி இல்லீங்க. ஆனா வாசம் வந்துருச்சு. பீகார்ல நின்னுட்டு எங்க வீட்டு வாசத்த மோந்துட்டேன்."

என்னிடம் அவர் இப்படி ஒரு நாளும் சொன்னதில்லை. உப்பு பத்தவில்லை என்பார். ரொம்பப் பிடித்திருந்தால், உப்பு சரியாக இருக்கிறது என்பார்.

கடைசியாக எழுதியது ஏப்ரல் 28, ஞாயிறு. தட்டப்பயறு கத்திரிக்காய்க் குழம்பு.

"பயறு முக்கால் வேக்காடு வந்ததும் கத்திரிக்காய போடணுமாம். அப்புறம் என்னன்னு வீட்டுல கேட்டுட்டு வர்றேன், இருங்க."

கேட்டார். அன்றைக்கு, "அப்புறம்?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் சிக்னல் போய்விட்டது. மறுபடி வரும் என்று போனைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். மறுநாள் காலையில் தங்கவேலுவின் போன்தான் வந்தது.

அதற்குக் கீழே அவர்கள் எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். "வண்டிண்ணே இன்னும் வீட்டுல கேட்டுட்டே இருக்காரு." "கத்திரிக்கா கரைஞ்சே போயிருக்கும்ணே." வாரா வாரம். போன வாரமும்.

இன்று என்ன சாப்பிட்டேன் என்று மேகலா கேட்டாள். கத்திரிக்காய்க் குழம்பு என்று சொல்லிவிட்டேன்.

ஜூன் 16, ஞாயிறு

சொல்லத்தான் உட்கார்ந்தேன். என்ன எழுத வேண்டும் என்று காலையிலிருந்து மனசுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன். முதலில் மரியாதைக்கு, "வணக்கம்" என்று மட்டும் போட்டேன்.

அவ்வளவுதான். மழை மாதிரி வந்தது. "வண்டிண்ணே!" "அண்ணே வந்துட்டாரு, எல்லாரும் வாங்க!" "எங்க போயிட்டீங்க, போனு உடைஞ்சு போச்சா?" ஹாஸ்டலில் இருக்கிற ஒரு பெண், "அண்ணே, நீங்க சொன்ன ரசத்தாலதான் ஒரு மாசம் ஓட்டினேன்" என்று எழுதினாள். ரெஜினா, "உங்களுக்கு என்னமோ ஆயிருச்சுன்னு பயந்து மாதா கோயில்ல மெழுகுவத்தி ஏத்தினேன் தெரியுமா" என்று எழுதினாள்.

நான் தட்டி வைத்திருந்த எழுத்தை அழித்துவிட்டு, "போனு ரிப்பேருங்க" என்று எழுதினேன்.

அதற்கு மேல் எதுவும் எழுதவில்லை. சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பேரை எத்தனை பேர் கூப்பிட்டார்கள்.

ஜூன் 19, புதன்

இன்று தலைக்குக் குளித்துச் சீவிக்கொண்டேன். சரசு, "அக்கா முகம் தெளிஞ்சிருக்குது" என்றாள். அரிசி மூட்டையில் வண்டு விழுந்திருக்கிறது. வெயிலில் கொட்டிக் காய வைத்தேன்.

அவர் எழுதினதையெல்லாம் மறுபடி படித்தேன். அவர் எதைச் சொன்னாலும் கடைசியில் "பாத்துக்குங்க" என்று முடிப்பார். எனக்கும் அது வருகிறது.

காலை இட்லி. மதியம் சாதம், ரசம். இரவு இட்லி.

ஜூன் 23, ஞாயிறு

இன்றும் பேசினேன். கேள்வி மீன் குழம்புக்கு எந்தப் புளி என்று. பழைய புளிதான், புதுப்புளி போட்டால் நிறம் வராது, பாத்துக்குங்க என்று எழுதினேன். நாற்பது பேருக்கு மேல் நெஞ்சுக் குறி போட்டார்கள். அந்தத் தட்டப்பயறு என்னாச்சு என்று ஹாஸ்டல் பெண் கேட்டாள். சிக்னல் இல்லை, அடுத்த வாரம் என்றேன்.

ரெஜினா கேட்டாள்: "வீட்டுல எப்படி இருக்காங்கண்ணே?"

நான் எழுதினேன். "நல்லா இருக்காங்க."

இன்று வேறு எதுவும் எழுதவில்லை.

ஜூன் 27, வியாழன்

சொல்லாமல் கொள்ளாமல் மேகலா வந்துவிட்டாள். சரசுதான் போன் பண்ணியிருக்க வேண்டும். தண்ணீர்க் குழாயடியில் நேற்று எனக்குக் கொஞ்சம் கிறுகிறுப்பு. பெரிதாக ஒன்றும் இல்லை.

வந்தவள் நேராகச் சமையலறைக்குப் போனாள். சிலிண்டரைத் தூக்கிப் பார்த்தாள். தூக்க முடியவில்லை, அப்படியே நிறைந்து கிடந்தது.

"கோவக்கா பொரியல், மோர்க்கொளம்பு, குருமா. ஏம்மா, அடுப்பு மேல பல்லி முட்டை வெச்சிருக்குது. அதையா பொரிச்சுத் தின்ன?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும் வந்தது. அப்புறம் அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள். "நானும் அப்பனில்லாதவதாம்மா. அம்மாவும் இல்லாமப் பண்ணிராத" என்றாள்.

அந்த நேரம் பார்த்து அவர் போன் டிங் டிங் என்றது. மேகலா எடுத்துப் பார்த்தாள். மேலே தள்ளித் தள்ளிப் படித்தாள். முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"இது ஆரு எழுதுனது? நீயா? அப்பா மாதிரியா?"

நான் அவள் வாங்கி வந்த தக்காளியை எடுத்து வைத்தேன்.

"அம்மா, அவங்க அப்பா உசுரோட இருக்காருன்னு நெனச்சுட்டு இருக்காங்க."

"இருக்கட்டுமே கண்ணு. அங்கயாச்சும் இருந்துட்டுப் போறாரு."

அவள் மறுபடியும் ஒரு தடவை படித்தாள். பிறகு, "அந்தம்மா மெழுகுவத்தி ஏத்துனேங்குது. தெரிஞ்சா அது மனசு என்ன பாடுபடும்? நான் அப்பா போட்டோ வெச்சுக் கண்ணீர் அஞ்சலின்னு ஒண்ணு போட்டு முடிச்சுடறேன். உன்னால ஆகாது" என்றாள்.

போனை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன்.

"நீ போட வேண்டாம். கேட்டுட்டு வர்றேன்னு சொல்லிட்டுப் போனவரு அவரு. கேட்டது என்கிட்ட. ஞாயித்துக்கிழமை வரைக்கும் உடு."

"ஞாயித்துக்கிழமை நீ சொல்லலீன்னா?"

போனைச் சார்ஜில் போட்டேன். மேகலா பல்லி முட்டையைக் காகிதத்தில் எடுத்துச் செடிக்குள் போட்டுவிட்டு வந்து கஞ்சி வைத்தாள். ஒரு டம்ளர் குடித்தேன். இது மெய்.

ஜூன் 30, ஞாயிறு

அப்புறம் என்ன என்று எழுத வேண்டுமானால் எனக்குச் சும்மா உட்கார்ந்து சொல்ல வராது. கை செய்தால்தான் வாய்க்கு வரும். அவர் வண்டி அடுப்பைத் துடைத்துச் சமையலறையில் வைத்தேன். அவர் குண்டானையே எடுத்தேன். பயறை வறுத்து வேகப் போட்டேன். மேகலா வெங்காயம் உரித்துக் கொடுத்தாள். பயறு முக்கால் வேக்காடு வந்ததும் கத்திரிக்காயைப் போட்டேன். அதோடு கை நின்றுவிட்டது. மேகலா முதுகைத் தடவிக் கொடுத்தாள். அப்புறம் மற்றதெல்லாம் செய்தேன்.

ஏழு மணிக்கு உட்கார்ந்தேன். மேகலா பக்கத்தில் உட்கார்ந்தாள், போனைத் தொடவில்லை. ரெஜினா முதல் கேள்வி போடும் முன்னாலேயே, எழுதி வைத்திருந்ததை அனுப்பினேன். ழவை இரண்டு தடவை சரி பார்த்தேன்.

"வணக்கம். நான் வண்டிண்ணன் இல்லீங்க. அவர் வீட்டுல. என் பேர் பாவாயி. போன ரெண்டு வாரம் பேசுனது நான்தான். மன்னிச்சுக்குங்க. கேட்டுட்டு வர்றேன்னு சொல்லிட்டுப் போனாரில்லீங்களா. கேட்டாரு. நான் சொல்றதுக்குள்ள சிக்னல் போயிருச்சு. மறுநாள் காலையில அவர் இறந்துட்டாரு. வண்டிய ஓரங்கட்டிட்டுத்தான் இறந்தாரு. யாருக்கும் ஒண்ணும் ஆகல."

இறந்துட்டாரு என்கிற வார்த்தையை நான் இதுவரை எங்கேயும் எழுதியதில்லை. இந்த டைரியிலும் இல்லை.

போன் சத்தமே போடவில்லை. நான் எல்லாரையும் துரத்திவிட்டேன் என்று நினைத்தேன். மேகலா என் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள்.

அப்புறம் ரெஜினா எழுதினாள். "அக்கா." அவ்வளவுதான். கொஞ்சம் பொறுத்து ஹாஸ்டல் பெண். "அக்கா." பிறகு ஒவ்வொருவராக அந்த ஒரு வார்த்தையைப் போட்டுக்கொண்டே போனார்கள். யாரும் ஆழ்ந்த இரங்கல் என்று எழுதவில்லை. யாரும் என்னைக் கோபிக்கவில்லை.

ரெஜினா மறுபடி எழுதினாள். "அண்ணன் ஒரு கதை சொல்லிச் சிரிப்பாருக்கா. ரெண்டு வாரம் தப்பான எழுத்தப் போட்டு ஆளில்லாத எடத்துல தனியாப் பேசிட்டு இருந்தாராம். மூணாவது வாரந்தான் எங்களக் கண்டுபிடிச்சாராம். இன்னிக்கு எனக்குக் கேள்வி போடத் தெம்பு இல்ல. ஆனா ஒண்ணு மட்டும் கேக்கறேன். கத்திரிக்கா போட்டாச்சு. அப்புறம்?"

நான் எழுதினேன்.

"அப்புறம் சின்ன வெங்காயம், மல்லி, வரமிளகாய், சீரகம் வறுத்து, தேங்காயோட அரைச்சு ஊத்தணும். பச்சை வாசம் போனதும் புளி. புளிய முன்னால ஊத்திட்டா பயறு வேகாது. ஒரு கரண்டி பயற எடுத்து மசிச்சு அதுலயே கலக்கணும், அப்பத்தான் கொழம்பு சேந்து வரும். தாளிச்சுக் கொட்டி, அடுப்ப அணைச்சு, மூடி வெச்சிரணும். உடனே தொறக்கப்படாது. கொஞ்ச நேரம் அது பாட்டுக்கு இருக்கட்டும். பாத்துக்குங்க."

அப்புறம் நானும் மேகலாவும் மூடியைத் திறந்தோம். சாப்பிட்டோம். அவள் இரண்டு தடவை போட்டுக்கொண்டாள்.

"உப்பு?" என்றேன்.

"சரியா இருக்குதும்மா" என்றாள்.

ஜூலை 1, திங்கள்

காலை இட்லி இரண்டு, நேற்றைய தட்டப்பயறுக் குழம்பு. மாத்திரை சாப்பிட்ட பிறகு போட்டேன். மேகலா பத்து மணி பஸ்ஸுக்குப் போனாள். தூக்குவாளியில் அவளுக்கும் கொஞ்சம் குழம்பு ஊற்றிக் கொடுத்தேன்.

அவள் போனதும் பாத்திரம் கழுவினேன். குண்டானில் அடிப்பிடித்த இடம் கொஞ்சம் இருக்கிறது. அது அவர் காலத்துக் கரி, தேய்க்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தேன். ஜன்னல் கம்பிக் குறி போட்டு, தெரிந்தேதான் தப்பாக எழுதினேன். மாட்டுக்கால் ள.

மூன்று வரியும் அப்படியே இருந்தன. கடைசி வரிக்குப் பதில் எழுதினேன்.

இருக்கனுங்க. சொல்லுங்க.